இரண்டு அண்ணன்கள்

மூன்று ஆஸ்பத்திரிகளின் பதிவுகளையும் ஒரே கணினியில் சேர்ப்பது என்று முடிவானபோது, எது என்ன என்று அந்தக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை அவளிடம் வந்தது. கேட்க அல்பமாக இருக்கிறதா? கட்டில் எத்தனை என்று கேட்டால் வார்டு நாற்பது என்றது, ஸ்டோர் ஐம்பத்திரண்டு என்றது. ஒருவர் நோயாளி படுக்கிற இடத்தை எண்ணினார். மற்றவர் கால் உடைந்து மூலையில் கிடந்த இரும்பையும் சேர்த்து எண்ணினார். இடம் வேறு, இரும்பு வேறு என்று பிரித்து வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் "அது எந்த வகை?" என்று கேட்டுக் கேட்டு, ஆபீஸில் அவளுக்கு வகையக்கா என்றே பேர் விழுந்தது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!

உறவுகளையும் அவள்தான் வகை பிரித்தாள். நோயாளி என்பது ஆள் கொஞ்ச நாளைக்குப் போட்டுக்கொள்கிற வேஷம், வீட்டுக்கு அனுப்பினால் கழன்றுவிடும். கணவனும் அப்படித்தான்; அதற்கு முடிவுத் தேதி போட ஒரு கட்டம் உண்டு. அவள் பதிவிலேயே அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும் அவள் அப்படி ஒரு கட்டம் வைக்கவில்லை. பிறந்ததை யாரால் ரத்து செய்ய முடியும்?

இவ்வளவு விவரமாக எழுதியவள் சொந்த அண்ணனோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "சாதாரண காய்ச்சல்தான், அலையாதே" என்று போனில் சொன்னவர் அவர். அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இனி மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தாள். போன் நம்பரையும் மாற்றினாள். பிடிவாதமென்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

இப்போது அவள் வயிற்றில் ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு பேர் வேண்டும், இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும். காலியாக விடக்கூடாது, 'யாருமில்லை' என்று எழுதவும் கூடாது. கிளார்க்குகள் சோம்பல்பட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறார்களே என்று இந்த விதியை எழுதியதும் அவள்தான். "யாருமே இல்லாதவங்க வந்தா என்னக்கா பண்றது?" என்று ஹெட் நர்ஸ் அன்றைக்கே கேட்டாள். "யாருமே இல்லாம ஒரு மனுஷி இருப்பாளா?" என்று சிரித்தாள் இவள். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு இவளைத் தெரியும், ஆனால் 'மூணாவது மாடி' என்றுதான் தெரியும். ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் ஒருத்தராவது அவள் வீட்டு வாசல் மிதித்ததில்லை. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுத ஒரு பேர் கிடைக்கவில்லை. அழுகையும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

புதன்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்த விதியையே தூக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். எந்த விதியை மாற்றினாலும் எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்று என்ன பெறப்படும் என்று கணினி தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஓட்டினாள். அவளுடைய பதிவே திரையில் வந்து நின்றது. காலியாக விட்டிருந்த கட்டத்தில் அண்ணன் என்று இருந்தது. ஒன்றல்ல, இரண்டு!

அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னாள். ஏன் என்று காரணம் கேட்கும் பொத்தானை அமுக்கினாள். விதிகள் போன வருஷமே மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் போய்விட்டிருந்தன. மூன்றாவது ஆஸ்பத்திரியின் பதிவுகள் போன வாரம்தான் வந்து சேர்ந்தன. அதில் ஒருவர், எட்டு மாதத்துக்கு முன்னால், இவளைத் தங்கை என்று எழுதியிருந்தார். ஆகவே அவர் அண்ணன். அவருக்கும் ஓர் அண்ணன் பதிவாகியிருந்தது. அண்ணனுக்கு அண்ணன் நமக்கும் அண்ணன்: அதுவும் அவள் எழுதிய விதிதான். முதல் பேர் அவளுடைய சொந்த அண்ணனுடையது. அந்த இரண்டாவது பேரை அவள் ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை.

அண்ணனின் நம்பரை விரல் மறந்திருக்கவில்லை.

"யாரு?"

நலம் விசாரிக்க நாக்கு எழவில்லை. "நமக்கு இன்னொரு அண்ணன் இருக்காரா?" என்று கேட்டாள்.

"நீயா?" என்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஓ, அவரா! அவர் ஆஸ்பத்திரி லிஃப்ட்மேன். பித்தப்பையில கல்லுன்னு போனேன். உன் பேரைத்தான் கொடுத்தேன். மூணு தடவை அடிச்சுப் பார்த்தாங்க, நம்பரே உபயோகத்துல இல்லைன்னுச்சாம். சொந்தம்னு ஒரு ஆள் இல்லாம உள்ள சேர்க்க முடியாதுன்னுட்டாங்க. ரெண்டு நாள் வலியோட வராந்தா பெஞ்சுல கிடந்தேன். பார்க்கச் சகிக்காம அந்த மனுஷன்தான், நான் இவரோட அண்ணன்னு கையெழுத்துப் போட்டார். எந்த மடையன் எழுதின சட்டமோ, நாசமாப் போக!"

பெஞ்சில் சுருண்டு கிடக்கும் அண்ணனை அவளால் நினைக்கவே முடியவில்லை.

"நான்தாண்ணா."

"என்ன நீதான்?"

"அந்தச் சட்டத்தை எழுதினவ. நான்தான்." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பயந்து மீதியையும் கொட்டினாள். "எனக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எழுத எனக்கும் ஆள் இல்லண்ணா."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தாள். வைத்தாலும் நியாயம்தான்.

"காலைல எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார் அண்ணன்.

ஏழு மணிக்கு என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் வைக்காமலே இருந்தார்.