மோட்டாருக்கு லீவு

எங்கள் மேடவாக்கம் அடுக்குமாடியில் ஆயுத பூஜை அன்று தண்ணீர் மோட்டாருக்கு லீவு. வருஷம் முழுக்க உழைக்கிறதாம், ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டுமாம். முந்தின நாளே அசோசியேஷன் செக்ரட்டரி வாட்ஸப்பில் உத்தரவு போட்டுவிடுவார். நானும் முணுமுணுத்துக்கொண்டே வாளி வாளியாகப் பிடித்து வைப்பேன். வருஷம் முழுக்க உழைக்கிற எனக்கு அன்றைக்குத்தான் சுண்டல், வடை, பாயசம் என்று இரட்டை வேலை. அதைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு செய்தியும் வந்ததில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கூத்துதான். தரை கூட்டுகிற ரோபோ ஒன்று வாங்கியிருக்கிறோம். என் கணவருக்கு ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் வேலை. மெஷினுக்கு உணர்வு உண்டா, நாளைக்கு வந்துவிட்டால் அதை அணைப்பது பாவமா என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாரென்றால் ரசம் ஆறிப்போகும். போன வாரம் அந்த ரோபோ சோபாவுக்கு அடியில் நின்று, சிக்கிக்கொண்டேன் என்று பெண் குரலில் புலம்பியது. "பாவம், என்னன்னு பாரேன்" என்றார், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். நான்தான் தரையில் குப்புறப் படுத்து, சக்கரத்தில் சுற்றியிருந்த என் தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதைத் தட்டிக் கொடுத்து "போ கண்ணு" என்றேன்.

பூஜை அன்று காலை அந்த ரோபோ, லேப்டாப், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிட்டு, கீழே ஸ்கூட்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய மோட்டார் அறைக்கு இறங்கினேன். மோட்டார் மாலையும் சந்தனமுமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த அறையில் எப்போதும் படுத்திருக்கும் பழுப்பு நாயை, செக்ரட்டரி ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார். பின்னங்கால் ஒன்று நொண்டுகிற நாய். கத்திக்கொண்டே வெளியே ஓடியது. எனக்கு வந்ததே கோபம்!

"அதுக்கு வலிக்காதா சார்?"

"பூஜை பண்ற இடம் மேடம். அஞ்சறிவு ஜீவன், அதுக்கு என்ன தெரியும்?"

"மோட்டாருக்கு எத்தனை அறிவு சார்?"

"அது ஐதீகம் மேடம்" என்றார். பெரிய பதில்!

வாசலில், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரிக்கும் பூஜை நடந்தது. சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. இனி டிரைவர் வண்டியை நகர்த்திப் பழங்களை நசுக்க வேண்டியதுதான் பாக்கி. புது வெள்ளைச் சட்டையில் ஏறப்போனவர் நின்று, கீழே குனிந்து பார்த்தார். பின்சக்கரத்தை ஒட்டி நாய் சுருண்டு கிடந்தது.

"நல்ல நேரம் போகுது. ஹாரன் அடிங்க, ஓடிடும்" என்றார் செக்ரட்டரி.

"ஓடலன்னா இன்னா சார் பண்றது?" என்று கேட்டுவிட்டு, பூசணிக்காய்ச் சிதறலிலேயே சட்டையோடு படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

நான் சும்மா இருப்பேனா? செக்ரட்டரியைப் பிடித்துக்கொண்டேன். வராத வலிக்கு விடிய விடிய விவாதம் பண்ணுகிறீர்கள், வாய்விட்டுக் கத்துகிற வலி காதில் விழவில்லையா என்று என் கணவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அவர் தலையில் கொட்டினேன். மனுஷன் முழித்தார்.

லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அக்கா, இங்க வந்து பாருக்கா. கால்ல நைலான் கயிறு சுத்திக்கினு கீது. சதைக்குள்ள எறங்கிடுச்சு. ரொம்ப நாளா கீது போல."

தினமும் அந்த நாயைத் தாண்டித்தான் ஸ்கூட்டியை எடுக்கிறேன். நொண்டுகிறது என்று தெரியும். ஏன் நொண்டுகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

"அறுக்க எதுனா கீதாக்கா?"

மூன்று மாடி ஓடி ஏறினேன். சாமி முன்னாலிருந்து கத்தரிக்கோலை எடுத்தபோது, "பூஜையில வச்சதை நாளைக்குத்தானே எடுக்கணும்?" என்றார் கணவர். பதில் சொல்ல நேரமில்லை. பொட்டு காயாத கத்தரிக்கோலோடு இறங்கி வந்து, லாரிக்கு அடியில் நானும் குப்புறப் படுத்தேன்.