'அசையாதீங்க' பார்த்த நிலா

தெருவே அவரை 'அசையாதீங்க' என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவர்; வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான். கடைசியில் அவர் கையே அசையத் தொடங்கியதுதான் கொடுமை. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். கேமராவை விற்றுவிட்டு மனிதர் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார். தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் முழங்கை நீள டெலி லென்ஸை மட்டும் கேட்க ஆளில்லை; உள்ளே லேசாகப் பூஞ்சை.

அதைத் தொலைநோக்கி ஆக்கலாமென்று அவருக்கே ஒரு நாள் உதித்தது. பிலிம் இருந்த இடத்தில்தானே பிம்பம் விழும்? அங்கே உடைந்த பைனாகுலரின் கண் வில்லையை வைத்தால் போதாதா? அவர் அளவு சொல்ல, மனைவி பிளாஸ்டிக் குழாயை அறுத்தாள். லென்ஸின் பின்மூடியில் துளை போட்டு ஒட்டியதும் அவள்தான். கல்யாணங்களில் அவருக்கு விளக்குப் பிடித்த கை அது.

சாயங்காலம் மொட்டைமாடியில் ஸ்டாண்டில் ஏற்றி எதிர்த்தெருத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். தொட்டி தலைகீழாக, ஒரே இருட்டாக இருந்தது. தலைகீழாகத் தெரியும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்த இருட்டு? பூஞ்சை தின்றுவிட்டது என்று முடிவுகட்டினார். இனி எதையும் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை என்று படியிறங்கப் போனார்.

மனைவி முன்பக்கமாகக் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, கண்ணாடி தட்டு மாதிரி இருக்கு. உள்ள வழி சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான இருக்கு?"

தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் எல்லா முகமும் தெளிவாக விழ, வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கிப் பதினாறில் நிறுத்திய அப்பர்ச்சர் வளையம் அப்படியே கிடந்தது. கேமராவில் மாட்டியிருந்தால் பார்க்கும்போது துளை தானாகத் திறந்துகொள்ளும். குழாய்க்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? வளையத்தை முழுக்கத் திருப்பினார்.

அதற்குள் நிலா ஏறியிருந்தது. லென்ஸை அந்தப் பக்கம் திருப்பிக் கண் வைத்தார். பள்ளங்களும் அவற்றின் கறுப்பு நிழல்களும் அப்படியே தெரிந்தன. நிலாவோ மெல்ல ஓரத்துக்கு நழுவியது. நகர்த்தப் போனார், கை பட்டதும் எல்லாம் குலுங்கியது.

"அசையாத" என்றார், பழக்கதோஷத்தில்.

மனைவி சிரித்துவிட்டாள். "அது உங்க பேச்சக் கேக்காது. கைய மடியில வைங்க. நான் நகத்துறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க."

"கொஞ்சம் இடப்பக்கம்" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம். ம்... நாளைக்கும் வரலாம்."