ஏழுமலை எண்ணின பத்து

எனக்குப் பேத்தி பொறந்து ஏழு மாசம் ஆவுது. அவ அம்மா, எம் பொண்ணு கவிப்பிரியா, இப்பதான் லீவு முடிஞ்சி கும்மிடிப்பூண்டி காயில் கம்பெனிக்குத் திரும்பினா. நானும் அங்கதான் பேக்கிங். கம்பி சுத்தின காயில்ல எவ்ளோ இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட்டு ஓடறப்போ எவ்ளோ காந்த சக்தி புடிக்கும்னு, சுத்தறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சி சொல்றது அவ வேல.

அவ போட்ட புது டிசைன்ல பத்து சுத்துக்கு நூறு வரும்னு சொன்னா. எங்கூட்டாளி ஏழுமலை சுத்தின காயில்ல மீட்டர் நூத்தி இருபத்தொன்னு காட்டிச்சி.

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துப்போவலன்னா டிசைன வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்"னுட்டாரு மேனேஜர்.

"இன்னா பாப்பா, கொழந்த கத்துனதுல கம்ப்யூட்டருக்கும் தூக்கம் கெட்டுச்சா?"ன்னு சிரிச்சான் ஏழுமலை.

"இன்னொன்னு சுத்து சித்தப்பா. வாய்விட்டு எண்ணு."

"லாபம்... ஒன்னு... ரெண்டு..."

நெல்லு அளக்கறப்போ ஒன்னுக்குப் பதிலா லாபம்னு சொல்லுவோம். இவன் ரெண்டையும் சொல்லி பதினோரு சுத்து சுத்திக்கினு கீறான்! பத்தப் பத்தால பெருக்கினா நூறு, பதினொன்ன பதினொன்னால பெருக்கினா நூத்தி இருபத்தொன்னு, காயிலு கணக்கு அப்டித்தான் ஏறும். இத்தினி வருசமா சுத்தினதெல்லாம் ஆயிரம் சுத்து காயிலு, ஒன்னு கூடுனது யாருக்கும் தெரியல.

"லாபம் சொல்லாம எப்டிம்மா ஆரம்பிக்கிறது?"

"சொல்லு சித்தப்பா. அடுத்தத ரெண்டுன்னு சொல்லு."

அப்டியே சுத்தினான். மீட்டர் நூறுல நின்னுச்சி. எம் பொண்ணு டிசைனுக்கு மேனேஜர் கையெழுத்து போட்டாரு.