கைராசிக்காரரின் மூன்று டாக்டர்கள்

தெருவில் எல்லோரும் அந்த சலூன்காரரைக் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையால் முடி வெட்டிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் வேலை நிச்சயம் என்று எவரோ ஒருமுறை கிளப்பிவிட்டது, இருபத்தெட்டு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த ராசி அந்தக் கைக்கு மட்டும் பலிக்கவில்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. கணுக்கள் வீங்கியிருந்தன. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை.

சர்க்கரை அவரிடம் வந்து அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. தனியாக இருக்க அதற்குப் பயமோ என்னவோ, நடுவில் இரத்த அழுத்தத்தையும் துணைக்கு வரவழைத்துக்கொண்டது. மூன்றாவதாக முடக்குவாதமும் வந்து சேரவே, அவர் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் உடம்பு வாடகைக்கு விட்ட வீடு மாதிரி ஆயிடுச்சு. வர்றாங்க, ஒருத்தரும் காலி பண்ண மாட்டேங்கிறாங்க." மனைவி பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருப்பவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜோக்கெல்லாம் அப்புறம். முதல்ல மூட்டு டாக்டரப் போய்ப் பாருங்க" என்றார்.

போனார். ஆனால் ஒரு நிபந்தனையோடு போனார்: வெளியே ஒருவருக்கும் மூச்சு விடக் கூடாது. முடி வெட்டுவதைக் கூட விடுங்கள், வாரத்துக்கு முப்பது பேர் அவர் கத்திக்குக் கீழே தொண்டையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறவர்கள். கத்தி பிடிக்கும் விரல் சொன்னபடி கேட்பதில்லை என்று தெரிந்தால் அதற்கப்புறம் எவன் கண்ணை மூடுவான்? அந்த நாற்காலி காலியானால் தனக்கு வேறு தொழில் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து, ஷேவிங் கிண்ணத்து வெந்நீரில் இரண்டு கைகளையும் முக்கிக்கொண்டு, செய்தித்தாள் படிப்பது போல உட்கார்ந்திருப்பார். கை நனைந்திருப்பதால் பக்கம் மட்டும் திருப்ப முடியாது. முதல் பக்கத்தையே நான்கு வருடம் மனப்பாடம் செய்தார்.

இதுவரை செய்ததைக்கூட மன்னிக்கலாம். டாக்டர்கள் விஷயத்தில் அவர் செய்ததுதான் சலூன்காரரைத் தவிர வேறு எவருக்கும் தோன்றாத முட்டாள்தனம்.

சலூனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேறு கடையில் முடி வெட்டிக்கொண்டேன் என்று எந்த வாடிக்கையாளரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் அது அவமரியாதை. கேட்கிறவருக்கு வயிறு எரியும். சர்க்கரை டாக்டர் கைராசியின் பதினைந்து வருட வாடிக்கையாளர். அவரே ஒருமுறை வெளியூரில் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் கைராசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மூன்று மாதம் அவருக்குத் தலை மசாஜ் கிடையாது.

தன்னைப் போலத்தானே டாக்டருக்கும் இருக்கும் என்று அவர் நினைத்தார். மூட்டு டாக்டர் அம்மா, "வேற எங்கயாவது காட்டறீங்களா?" என்று கேட்டபோது, "சேச்சே, இல்லம்மா" என்று துரோகம் செய்யாத கணவனைப் போலச் சொன்னார். சர்க்கரை டாக்டர், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டபோது, "உங்கள விட்டா எனக்கு வேற யாரு டாக்டர்?" என்றார். பிரஷர் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அவருக்குப் பொய் சொல்லும் சிரமம் இருக்கவில்லை. மூவரின் சீட்டுகளுக்கும் தனித்தனி மஞ்சள் பை. மனைவி மட்டும், "இது எங்க போய் முடியப் போகுதோ" என்பார்.

நான்காவது வருடம் வாதம் உச்சத்துக்குப் போனது. வாதத்துக்கு வாரம் ஒன்றாகச் சாப்பிட்டுவந்த மாத்திரை போதாமல், மூட்டு டாக்டர் அம்மா சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்தார். "சுகர் இல்லையே?" என்று கேட்டார். இருக்கிறது என்றால் எந்த டாக்டர் என்று அடுத்த கேள்வி வரும். "இல்லம்மா" என்றார் நம்மாள். நான்கே நாளில் விரல்கள் பூப்போல மடங்கின. கத்தரிக்கோலைச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்தார். மனைவியின் முடியைக் கூட வெட்டிவிடுகிறேன் என்று துரத்தினார்.

ஸ்டீராய்டு கையை மட்டும் கவனிக்கவில்லை, சர்க்கரையையும் கூரைக்கு ஏற்றிவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்த சர்க்கரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "உண்மையச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

மாத்திரை என்று சொல்ல முடியாது. கைராசி சாப்பிடாத தின்பண்டங்களையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டார். "தம்பி வீட்ல பிறந்தநாள் டாக்டர். கேக்கு."

"ஒரு துண்டா?"

"மூணு," என்றார் தலையைக் குனிந்து. அடுத்த முறை ஐஸ்க்ரீம். அதற்கடுத்த முறை சொல்ல எதுவும் தோன்றாமல், இரவு யாருக்கும் தெரியாமல் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனால் அள்ளித் தின்பதாகவே ஒப்புக்கொண்டுவிட்டார். பதினான்கு வருடமாகச் சர்க்கரையில்லாத காபி குடிக்கும் மனிதர். டாக்டர் திட்டினார், இன்சுலினை எழுதினார், பிறகு அளவைக் கூட்டினார். விரல் மடங்கியதே தவிர, ஊசிப் பேனாவின் பொத்தானைக் காலையில் அழுத்த அதற்குத் தெம்பில்லை. மனைவிதான் அழுத்திவிடுவார்.

வீக்கம் வற்றியதும் மூட்டு டாக்டர் அம்மா ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இன்சுலினைக் குறைக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. நிறுத்தியதை அறிந்தவருக்கு இன்சுலின் தெரியாது. இன்சுலின் கொடுத்தவருக்கு நிறுத்தியது தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடும் நேரத்தில் சர்க்கரை டாக்டரே ஷேவிங்குக்கு வந்தார். கைராசிக்குப் பசித்தது. டாக்டரைக் காக்கவைக்க மனமில்லை. நுரை போட்டு, கத்தியை எடுத்து, இடது கன்னத்தை முடித்துவிட்டுத் தொண்டைக்கு வந்தார். கைராசியின் கழுத்தில் குப்பென்று வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது.

இது வாதத்தின் வேலை இல்லை என்று தெரிந்தது. இருந்தாலும் அந்த மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? இரண்டு இழுப்பில் முடித்துவிடலாம், டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தார். கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். டாக்டர் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கைராசி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கத்தியை மடக்கித் தட்டில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டில் கத்தி விழுந்த சத்தத்தில் டாக்டர் கண்ணைத் திறந்தார். கழுத்தில் கட்டிய துணியும் பாதி நுரையுமாக எழுந்து குனிந்து பார்த்தார். "அம்மா, சக்கரை! சக்கரை கொண்டாங்க சீக்கிரம்!" என்று பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினார். மனைவி தன் கடையில் டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தார். டாக்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். அவர் மடக்கு மடக்காகக் குடிப்பதைப் பார்த்து, "தினம் ராத்திரி திங்கற ஆளுக்கு எப்படிய்யா சக்கரை இவ்வளவு கீழ போச்சு?" என்றார்.

"யாரு, இவரா?" என்றார் மனைவி. "ஒரு சிட்டிகை கூடத் தொட மாட்டாரு."

பேச்சு வந்ததும் கைராசி, "ஒண்ணுமில்ல டாக்டர், பசி" என்று ஆரம்பித்தார். மனைவி அவரைக் கண்டுகொள்ளவில்லை. தன் கடைக்குப் போய் ஒரு கத்தைக் காகிதத்தோடு திரும்பினார். மூட்டு டாக்டர், பிரஷர் டாக்டர், மருந்துக்கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை ரசீது வரை எல்லாவற்றுக்கும் நகல். ஊராரின் சீட்டையெல்லாம் நகல் எடுக்கிற பெண், வீட்டுச் சீட்டை மட்டும் விட்டுவைப்பாரா?

டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். நுரை காய்ந்து முகத்தில் வெடித்தது. "ஸ்டீராய்டு. அதான் ஏறியிருக்கு. இந்த வலி மாத்திரை உங்க பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் பாழாக்கும். ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க தப்பா நெனச்சுக்குவீங்கன்னு... வேற டாக்டர்கிட்ட போறேன்னு..."

டாக்டர் கழுத்துத் துணியால் காய்ந்த நுரையைத் துடைத்தார். "நான் என்ன முடியா வெட்டறேன், கோவிச்சுக்க?" என்றார். பிறகு அங்கேயே நின்று மூட்டு டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டார். இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். கைராசியைப் பற்றி அவர்கள் ஒன்றும் நல்லதாகப் பேசவில்லை. இன்சுலின் பாதியானது, வலி மாத்திரை குப்பைக்குப் போனது. எல்லா மருந்தும் ஒரே காகிதத்தில் ஏறியது. மனைவி அதை மூன்று நகல் எடுத்தார். போகும்போது டாக்டர், "சர்க்கரை ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் ரெண்டு வாரம் கத்தியத் தொடாதீங்க. கேக்கறவங்ககிட்ட காரணத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வலது கன்னத்தில் தாடியோடு கிளினிக்குக்குப் போனார்.

வாடிக்கையாளர்களிடம் என்ன சொல்வது என்று கைராசி இரவெல்லாம் ஒத்திகை பார்த்தார். மறுநாள் பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போலக் கழுத்தை நிமிர்த்தினார்.

"இன்னிக்கு ஷேவ் இல்லப்பா," என்றார் கைராசி. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "கை சரியில்ல. வாதம். நாலு வருஷமா இருக்கு. காலையில விரல் மடங்காது. உங்க எல்லார்கிட்டயும் மறைச்சிட்டேன். இனிமே நீ வேற கடைக்குப் போனாலும் நான் ஒண்ணும்..."

"தெரியும்ணே," என்றார் தபால்காரர்.

"என்ன தெரியும்?"

"பதினோரு மணிக்கு முன்னால கைராசி அண்ணன் கடைக்குப் போகாத, அவருக்குக் கை வலிக்கும்னு இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். புதுசா குடி வர்றவங்ககிட்ட நான்தான் சொல்வேன்."

காலையில் ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லையே, இந்தக் காலத்துச் சோம்பேறிகள் பத்து மணி வரை தூங்குகிறார்கள் என்று நான்கு வருடமாக அந்தத் தெருவையே திட்டித் தீர்த்தவர் கைராசி. இப்போது முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கடையில் ஓர் இடம் இல்லை.

அவர் முகம் போன போக்கைத் தபால்காரர் பார்த்தார். "தாடிய டிரிம்மர் மெஷின்லயே எடுங்கண்ணே, மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டு, கழுத்தை இன்னும் நன்றாக நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

கைராசி கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் போட்டார்.