மாலை கழற்றிய கை

கார்த்திகை இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் என் இடது கால் தொடைவரை வீங்கியிருந்தது. இரும்புலியூர் வீட்டில் நான் ஒருவனே. அம்மா காலமான பிறகு அங்கே பேச்சுச் சத்தம் தொலைக்காட்சியிலிருந்துதான் வரும். ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன்.

கால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். முந்தைய வாரம்தான் எனக்குக் குடல்புண்ணில் இரத்தம் கசிந்திருந்தது. அதனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தர முடியாது. வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக்குழாயில், குடைக்கம்பி போன்ற சிறு ஃபில்டர் வைத்தால் கட்டியை வழியிலேயே பிடித்துவிடும் என்றார் மருத்துவர். கழுத்து வழியாகத்தான் செலுத்த வேண்டும்.

கழுத்தில் ஐயப்பன் மாலை இருந்தது.

"சாமி, மாலையக் கழட்டிடுங்க" என்றார் நர்ஸ்.

விரத மாலையை நாமே கழற்றுவதில்லை. தாய் கழற்ற வேண்டும், அல்லது குருசாமி. தாய் இல்லை. குருசாமி முதலில் கிளம்பிய வேறொரு குழுவோடு மலையில் இருந்தார், போன் போகவில்லை.

"லேட் பண்ணாதீங்க சார்."

கண்ணை மூடினேன். "ஐயப்பா, எனக்கென்று யாருமில்லை. ஒரு கையை அனுப்பு." வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலும்.

பக்கத்துக் கட்டிலில் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கூடுவாஞ்சேரி அம்மாள் திரும்பினார். "இன்னா சாமி, சின்னப்புள்ள கணக்கா அழுதுகினு கீற?"

சொன்னேன்.

"இதுக்கா பேஜாரு? நானும் மூணு பெத்தவதான். குனி."

"கஞ்சிக் கையோடவா? கழுவிகினு வாடி" என்றார் கணவர்.

"தோ பார்றா! ரெண்டு நாளா வாயே தொறக்காத மனுசன்!"

கை கழுவி வந்தார். நான் சரணம் சொல்ல, மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். "உங்க சாமி கோச்சிகினா எம்பேரச் சொல்லு."

அம்மாவுக்குப் பிறகு என் தலையை ஒருவர் தொட்டது அன்றுதான்.

ஃபில்டர் வைத்தார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில், அதில் ஒரு கட்டி சிக்கியிருந்தது. புண் ஆறி, மருந்து தொடங்கி, கட்டி கரைந்ததும் பங்குனியில் ஃபில்டரை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு நான் மலை ஏறவில்லை. வீடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஞாயிறுதோறும் கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறுகிறேன். "சாப்ட்டியா?" என்று கேட்க அங்கே ஒருவர் இருக்கிறார்.

துணையில்லாத சாமிமார்களே, கால் வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஐயனை நம்புங்கள். வேண்டும்போது மனத்துக்குள் வேண்டாதீர்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கட்டும்.