வெயிலில் வளைந்த இசைத்தட்டு

2009-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை உண்டு. படங்களுக்குச் சட்டம் போடுவது, ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவது, இவைதான் தொழில். வீடு பேச்சிப்பாறை போகிற வழியில். வீட்டைச் சுற்றி நாற்பது ரப்பர் மரங்கள் நிற்கின்றன. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என்னைக் கவிழ்த்தது ரப்பர், கரையேற்றியது கண்ணாடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இசைத்தட்டுப் பித்து உண்டு. 2004-இல் எங்கள் பக்கத்து மைக்செட்காரர் ஒருவர் குறுந்தகடுகளுக்கு மாறியபோது, தன்னிடம் இருந்த தட்டுகளையெல்லாம் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போடப் போனார். வழியில் மறித்து இரண்டு சாக்கையும் நான் வாங்கிக்கொண்டேன். அன்று பிடித்தது. தட்டு சுற்றும் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, யாரும் சொல்லித் தராமலே ஓட வைத்தேன். ஐந்து வருடத்தில் ஐந்நூறு தட்டுகள் சேர்ந்தன.

ஊர் சும்மா இருக்குமா? கடைக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கிறவர் எனக்குப் 'பிளேட்டு' என்று பெயர் வைத்தார். தினமும் காலையில் சாலையைத் தாண்டிக் குரல் வரும்: "ஓய் பிளேட்டு, இன்னைக்கு எத்தன பிளேட்டு கழுவினீரு? இஞ்ச கொஞ்சம் கெடக்கு, வாரும்!" என் மனைவி அதற்கும் மேல். "ஆயிரம் பாட்ட ஒரு செல்போனுக்குள்ள வச்சிட்டு ஒலகம் நடக்குவு. இவருக்கு மட்டும் பாட்டு வைக்க அலமாரி வேணும்" என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் பக்கத்தில் ஒன்றைப் பாராட்ட நீளமாகப் பேசுவதில்லை. 'கொள்ளாம்' என்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை என் தட்டுகளைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அந்தச் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெண் கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். கடற்கரை ஊர்க்காரர், தக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை. உப்புக்காற்று அரித்த ஒரு பழைய புகைப்படத்தைத் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். ஒரு வேனுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

"அண்ணே, இதுக்கு நல்ல சட்டம் போட்டுத் தரணும். ரெண்டாவதா நிக்கியது எனக்க அம்மை. எனக்கு ஒரு வயசு ஆகும்போ போய்ட்டா."

படத்தில் அந்த முகம் நகத்தளவுதான். அவர்கள் ஊர் மாதா கோவில் பாடகர் குழு அது. அந்தக் காலத்தில் பட்டணம் போய் ஒரு இசைத்தட்டே போட்டுவிட்டு வந்தார்களாம். கோவிலில் இருந்த தட்டு உடைந்துபோய் வருடங்கள் ஆகிவிட்டன. வேறு யாரிடமும் இல்லை. "ஒரு பாட்டுல அம்மை தனியாட்டு ரெண்டு வரி பாடுவாளாம். சித்தி சொல்லுவா. நான் கேட்டதில்ல" என்றார்.

படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் குழுவின் பெயர் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு மயிர்க்கால் நட்டுக்கொண்டது. அந்தப் பெயர் போட்ட ஒரு சின்னத் தட்டு என் அலமாரியில் இருந்தது! பக்கத்துக்கு இரண்டு பாட்டு ஓடுகிற தட்டு. மைக்செட்காரரின் சாக்கில் வந்தது.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அந்தப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அதே குழுவில் பாடிய, இப்போது கொச்சியில் இருக்கும் சித்தி கோவில் திருவிழாவுக்கு வந்திருக்கிறார், திங்கட்கிழமை திரும்பிவிடுவார், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். "அம்மைக்க சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதுல்லா அண்ணே. சித்தி இருந்தாத்தான் அடையாளம் சொல்லுவா."

கைபேசி எண்ணை ரசீதின் பின்னால் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் புதன்கிழமை காலை அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தேன். தூசியும் பூஞ்சையும். வருகிறவர்கள் முன்னால் இப்படியா வைப்பது? இதே அளவில் இருந்த வேறு நாலு சின்னத் தட்டுகளையும் சேர்த்து எடுத்து, சோப்பு நுரையில் மெதுவாகக் கழுவினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே பாலை உறையவைத்து அழுத்தி எடுத்த ரப்பர் ஷீட்டுகள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஈரமாக எது கையில் வந்தாலும் மாடி வெயிலில் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து ரப்பர் ஷீட்டு காயப்போட்டுப் பழகிய கை. யோசிக்கவே இல்லை. தட்டுகளைக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

மதியம் சாப்பிட வந்து மாடி ஏறினேன். எண்ணெயில் போட்ட அப்பளம் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அப்படி இருந்தன ஐந்தும். அந்தப் பெண்ணின் அம்மா பாடிய தட்டு, ஓரம் மேலே எழும்பிக் காது மாதிரி மடங்கி நின்றது. பெட்டியில் போட்டு முள் வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குள் துள்ளிக் கீழே விழுந்தது.

இன்னொரு தட்டு தேடலாம் என்றால் எங்கே தேடுவது? முப்பது வருடம் காத்திருந்த பெண்ணிடம், உப்புக்காற்றும் கரையானும் தின்னாமல் விட்டதை நான் சோப்புப் போட்டுக் கழுவி ஒரே வெயிலில் முடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ரசீதை எடுத்து எண்ணை அழுத்தப் போனேன். தட்டு காணவில்லை, எங்கேயோ மாறிப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்லப் போறிய?"

சொன்னேன்.

"அந்தப் புள்ள இன்னொரு முப்பது வருசம் தேடுவா. ஒங்களுக்கு அது சம்மதமா?"

போனைக் கீழே வைத்தேன். அவள் விடவில்லை. "கண்ணாடிக் கடைதான வச்சிருக்கிய. வளஞ்சத நிமுத்துததுக்கு ஒரு வழியும் தெரியாதா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அது எனக்குள் ஒரு விளக்கைப் போட்டது. வெயில் வளைத்ததை வெயிலே நிமிர்த்தாதா? இரண்டு கனத்த கண்ணாடிக்கு நடுவில் தட்டை வைத்து வெயிலில் இளக்கி, அப்படியே நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டால்? கடையில் ஒரு நகைக்கடை அலமாரிக்காக வந்து மிஞ்சிய பன்னிரண்டு எம்.எம். கண்ணாடி கிடந்தது. அதில் ஒன்றரை அடிச் சதுரமாக இரண்டு வெட்டினேன். முனை மழுக்கினேன். இருபத்தைந்து வருடத்தில் அவ்வளவு கவனமாக நான் வெட்டியதில்லை.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. அதை அந்தத் தட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? என்னுடையவற்றில்தான் பார்க்க வேண்டும். வளைந்து கிடந்த மற்ற நாலில் ஒன்று நாதஸ்வரத் தட்டு. மூன்று வருடம் அலைந்து வாங்கியது. இனி ஒன்று கிடைக்காது. ஆனால் கனத்தில் இந்தத் தட்டுக்குச் சரியாக ஒத்திருந்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை அதைத்தான் முதலில் வைத்தேன். ஒரு மணி நேரம். காகிதம் மாதிரி நிமிர்ந்து வந்தது. சந்தோஷமாக முள்ளை வைத்தால், பானைக்குள் தலையை விட்டு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். சூட்டில் கண்ணாடி அழுத்தி வரிகளெல்லாம் நசுங்கிவிட்டன. என் நாதஸ்வரம் போயிற்று. இரண்டாவது தட்டைக் கால் மணி நேரத்திலேயே எடுத்தேன். எடுத்த கையோடு மறுபடி வளைந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது. மாடியில் குந்தியிருந்தேன். ரப்பர் ஷீட்டு திருப்பிப் போட வந்த மனைவி கைப்பிடிச் சுவரைக் காட்டினாள். மின்வெட்டுக்காக ஏற்றி அங்கேயே விட்டிருந்த மெழுகுதிரித் துண்டு.

"இஞ்ச பாருங்க. நேத்து நீங்க மொத தட்ட எடுக்கும்போ இது உருகி ஒழுகிக் கெடந்தது. ரெண்டாவது தட்டுக்கு நான் பக்கத்துல வேற துண்டு வச்சுப் பாத்தேன், எடுக்கும்போ அது கல்லு மாதிரி நின்னுது. இது ரெண்டுக்கும் நடுவுலதான ஒங்க கணக்கு இருக்கும்?"

ஐந்து வருடமாகத் தட்டைக் கிண்டல் செய்தவள் நேற்று முழுக்க என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள்! ஒரு மெழுகுத் துண்டைக் கண்ணாடியின் மூலையில் வைத்தோம். அது வியர்த்து, ஓரம் தளர்ந்து சாயத் தொடங்கிய நொடியில் "எடுங்க!" என்றாள். இருவருமாகக் கண்ணாடியோடு தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய், மேலே ஆட்டுக்கல் குழவியை வைத்தோம். மாலையில் பார்த்தால் தட்டு நிமிர்ந்திருந்தது. பாட்டும் இருந்தது.

சனிக்கிழமை அந்தத் தட்டை வைத்தோம். மெழுகு சாய்ந்தது. தூக்கினோம். ஞாயிறு வரை கண்ணாடியைத் திறக்கவில்லை. திறந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை.

ஞாயிறு பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணும் சித்தியும் வந்தார்கள். சித்தி வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை, வாய் நிறையப் பேச்சு. காப்பி கொடுத்தோம், சட்டம் போட்ட படத்தையும் கொடுத்தேன். பிறகு கண்ணாடியை அவர்கள் முன்னால் வைத்து, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பொய் சொல்ல நினைத்ததையும் சொன்னேன்.

அந்தப் பெண் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சித்திதான் முதலில் வெடித்துச் சிரித்தார். "நாங்க மீனத்தான் காயப்போடுவோம். நீரு பாட்டக் கருவாடு போட்டுட்டீரே மக்கா!"

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். உடனே முகம் மாறிற்று. "முள்ளு சாடுமா அண்ணே?"

துள்ளுவதை நாங்கள் சாடுவது என்போம். "தெரியல்ல மக்கா" என்றேன்.

மேல் கண்ணாடியை எடுத்தேன். நிமிர்ந்திருந்தது. ஆனால் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு மெல்லிய அலை மிச்சம் இருந்தது. அம்மா பாடுகிறதாகச் சித்தி சொன்ன பாட்டு இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. அதாவது சரியாக அந்த ஓரத்தில்தான்.

முள்ளை இறக்கினேன். தட்டு சுற்றச் சுற்ற, கரைக்கு வரும் வள்ளம் மாதிரி முள் ஏறி இறங்கியது. என் மனைவி ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள். குழுவாகப் பாடினார்கள். ஒரு சரணம் போயிற்று. முள் ஏறியது, இறங்கியது, சாடவில்லை. சித்தி ஜெபமாலைக் கையை மெல்ல உயர்த்தினார். "இப்ப… இப்ப வருவா."

எல்லாக் குரல்களும் நின்றன. ஒரு பெண் மூச்சை இழுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு இரண்டு வரி. பெரிய குரல் இல்லை. கொஞ்சம் நடுங்கிய, ஆனால் சுதி விடாத குரல். மறுபடி எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பெண் அழவில்லை. "சித்தி, அம்மைக்கு மூச்சு வாங்குதே, ஏன்?" என்றுதான் கேட்டார்.

"ஏட்டி, அப்ப நீ மூணு மாசம் வயித்துல. வேன்ல போகும்போ பூரா வாந்தி. நான் பாடமாட்டேன்னு ஒரே கரச்சல். பின்ன ஒரு நாரங்கா முட்டாய் குடுத்து மைக்குக்கு முன்னால நிப்பாட்டினோம். நீயும்தான் அதுல பாடியிருக்க, போ!"

அப்போதுதான் அந்தப் பெண் அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். "இன்னும் ஒருக்கா போடுங்க அண்ணே" என்றார். ஏழு முறை போட்டோம். கடைசி முறை தன் கைபேசியில் பதிந்துகொண்டார். அதில் வெளியே கத்திய காக்கைச் சத்தமும் சேர்ந்து விழுந்தது.

தட்டை உறையில் போட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "வீட்டுல பெட்டி இல்ல. அதுவுமில்லாம உப்புக்காத்து. இஞ்சயே இருக்கட்டு. அம்மைக்க நெனவு நாளுக்கு வருவேன், போட்டுத் தருவியளா?"

அவர்கள் போனபின் மனைவி தட்டை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். அலமாரியில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கொள்ளாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து குழுவில் பாடிய மற்றவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடைக்கு வழி கேட்டவர்களுக்கு எதிர்க்கடைக்காரரே எழுந்து வந்து காட்டினார். பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் நான் 'பிளேட்டு'தான், ஆனால் கூப்பிட்டால் நிமிர்ந்து திரும்புகிறேன். அந்த இரண்டு கண்ணாடியையும் எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தப் பெண் வருகிறார், மனைவி மின்விசிறியை நிறுத்துகிறாள், முள் அந்த அலையில் ஏறி இறங்குகிறது. செல்போன் காலத்தில் இந்தத் தட்டெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், புத்தம் புதிதாக மின்னும் தட்டுகளை விட்டுவிட்டு, நான் கெடுத்து நாங்கள் இருவருமாக நிமிர்த்திய அந்தச் சின்னத் தட்டைத்தான் முதலில் எடுத்து, அதன் ஓரத்து அலையை மறைக்காமல் காட்டுகிறேன்.