கெங்கம்மாளின் கைநாட்டு

கெங்கம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் நாற்பது பேர் இருக்கிறார்கள். என்னிடம் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இன்று நேற்றல்ல, தொண்ணூற்று ஏழில் எங்கள் பெண்கள் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து.

திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். அவள் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிற கூலி. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பதினாறில் கல்யாணம், இருபத்தெட்டில் தாலி போயிற்று. இரண்டு பெண்களைத் தனி ஆளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். நான் தேவசுந்தரி, மிஷன் பள்ளியில் பத்தாவது படித்த பால்வாடி டீச்சர். சங்கத்து நோட்டு எழுதுவது நான், மனு எழுதுவது நான், தாலுகா ஆபீஸில் கால் கடுக்க நிற்பதும் நான். ஆனால் கூட்டத்துக்கு நான் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். அவள் தெருவில் நின்று, "ஏய், வாங்கடி!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

சங்கம் ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆனபோது, இரண்டு வருஷமாக மழை சரியில்லை. பெய்த கொஞ்சமும் ஏரிக்கு வந்து சேரவில்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வரும் கால்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. போதாததற்குக் கோதண்டம் தன் செங்கல் சூளைக்கு அதிலேயே மண் வெட்டி, மேடும் பள்ளமுமாக ஆக்கி வைத்திருந்தான். ஊர்க் கிணறுகள் வற்றின. ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தோம்.

ஒரு நாள் விடிகாலை கெங்கம்மாள் போய்ச் சூளை டிராக்டருக்கு முன்னால் படுத்துக்கொண்டாள். "ஏத்துடா, எம்மேல ஏத்திகினு போ!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் இறங்கி ஓடியே போனான். அதற்கப்புறம் டிராக்டர் கால்வாய்ப் பக்கம் வரவில்லை. அதற்கு முன்னால் நான் எழுதிய பதினோரு மனு இருக்கிறதே, அதை யார் பேசினார்கள்? ஒருத்தரும் பேசவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் பெங்களூரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் கடிதம் வந்தது. மழை, வெயில் மாறிப்போனதால் கஷ்டப்படும் ஊர்களில் வேலை செய்கிற சின்னச் சின்னப் பெண்கள் சங்கங்களுக்குச் சிறு உதவி கொடுக்கிறார்களாம். விண்ணப்பத்தில் 'பருவநிலை நீதி' என்று ஒரு வார்த்தை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதி வைத்தேன்.

சித்திரையில் அங்கிருந்து ஸ்வர்ணா என்று ஒருவர் ஊரைப் பார்க்க வந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். நாலு வரிகூட ஆகியிருக்காது, கெங்கம்மாள் குறுக்கே புகுந்தாள்.

"மழைய கெடுத்தவன் எவனோ. கொடத்த தூக்கிகினு நடக்கறது நாங்க. இதுல நாயம் எங்க கீது, சொல்லுங்க?"

ஸ்வர்ணா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அவருக்கும் தெலுங்கு தாய்மொழியாம், அப்புறம் கேட்கவா வேண்டும்? இரண்டு பேரும் தெலுங்கில் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். என் இரண்டு பக்கம் நாலாக மடிந்து அவர் பைக்குள் போனது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

போகும்போது ஸ்வர்ணா ஒன்று சொன்னார். இன்னொரு முறை வருவார். சங்கத்தில் பத்துப் பேராவது இருக்க வேண்டும், அவர்களோடு அவர் பேச வேண்டும். அதை வைத்துத்தான் அவர்கள் கமிட்டி முடிவு செய்யும். எல்லாரும் இருக்கிற நாளாகப் பார்த்து எழுதச் சொன்னார். ஐப்பசி மழைக்குள் கால்வாயை வெட்டாவிட்டால் இன்னொரு வருஷம் குடமும் இடுப்புமாக அலைய வேண்டியதுதான்.

நான்தான் எழுதினேன். ஆடிக் கிருத்திகை நாளைப் போட்டேன். கெங்கம்மாளுக்கு வருஷா வருஷம் பூக்காவடி வேண்டுதல், அன்றைக்குத் திருத்தணி மலையில் இருப்பாள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், மலைக்குப் போகமாட்டோம். எங்கள் சர்ச்சு ப்ளெஸ்ஸி, ஜெபரத்தினம், இன்னும் மிச்சம் இருக்கிறவர்களை உட்கார வைத்து, ஒரு தடவையாவது நான் பேசிவிட வேண்டும் என்று ஆசை.

சங்கத்துத் தலைவி அவள்தான், அதனால் கைநாட்டுக்குக் கடிதத்தை அவளிடம் கொண்டு போனேன்.

"எப்ப வரச் சொல்லி போட்டுகீற, டீச்சரு?"

"ஆவணியில."

"ஆங், சரி" என்று கட்டை விரலை அழுத்தி வைத்தாள்.

அந்த நாள் வந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியைச் சுற்றி இருக்கிற ஊரில் எவள் வீட்டில் இருப்பாள்? அதுகூட என் புத்திக்கு உறைக்கவில்லை. ஒருத்தியை ஒதுக்கப் போய் ஊரையே ஒதுக்கிவிட்டேன். ப்ளெஸ்ஸி வீட்டுக்கு ஓடினால் பூட்டு. அவளும் ஜெபரத்தினமும் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்களாம். சனியன்கள்!

பத்து மணிக்கு ஸ்வர்ணா காரில் வந்து இறங்கினார். பால்வாடியில் நான் விரித்த நாலு பாய். அதில் நான் ஒருத்தி.

"சங்கம் எங்கேம்மா?"

"கோயிலுக்கு..." என்று இழுத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நாளன்னிக்குக் கமிட்டி. மறுபடி வர முடியாது. ஒருத்தரைப் பார்த்துட்டு சங்கத்தைப் பார்த்தேன்னு எப்படி எழுதறது?"

கால்வாய் போயிற்று, என்னால் போயிற்று. வேறு வழியில்லாமல், "வாங்க, மலைக்கே போகலாம்" என்றேன்.

காரைப் போலீஸ் திருத்தணிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது. வெயிலில் நடந்தோம். நாற்பத்திரண்டு வயதுவரை அந்தப் படியில் கால் வைக்காதவள், அரோகரா சத்தத்துக்கு நடுவில் மூச்சு வாங்க ஏறினேன். காவடிக்குக் கட்டுகிற மஞ்சள் சேலையைத் தேடலாம் என்றால் மலை முழுக்க மஞ்சள் சேலை. பாதிப் படியில் ஒரு குரல் கேட்டது.

"யோவ், பொம்பளைங்க நிக்கறது கண்ணு தெரில? இன்னா தள்ளிகினு வர?"

அவளேதான். தோளில் பூக்காவடி. பின்னால் எங்கள் சங்கத்துப் பெண்கள் பதினெட்டுப் பேர். ஓரத்தில் வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு ப்ளெஸ்ஸி.

ஸ்வர்ணா பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "கெங்கம்மா, நீங்கதானே இன்னைக்கு வரச் சொல்லிக் கைநாட்டு வெச்சிருக்கீங்க? ஊர்ல ஒருத்தரும் இல்லையே."

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கெங்கம்மாள் காகிதத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். அதோடு சங்கத்தையும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

"ஆங், நாந்தான் போடச் சொன்னேன்" என்றாள். "ஊர்ல வெச்சா ஒருத்தி கரும்புக்குப் போயிடுவா, ஒருத்தி சூளைக்குப் போயிடுவா. இன்னிக்குத்தான் எல்லாரும் ஒரே எடத்துல மாட்டுவோம். டீச்சரு உங்கள இட்டுகினு வந்துடும்னு தெரியும்."

படி ஓரத்திலேயே கூட்டம் நடந்தது. காவடியை இறக்காமலே பேசினாள். வெயிலில் வெந்து கிடந்த சமவெளியில் எங்கள் ஏரி இருக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டினாள். ஸ்வர்ணா போட்டோ எடுத்தார். அதில் என் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றிய வாய் அது. ஆனாலும் நான் பேச நினைத்ததையெல்லாம் அவளே பேசிக்கொண்டு நின்றபோது அந்த வாயை அடைக்கலாம் போல இருந்தது.

புரட்டாசியில் உதவி வந்தது. ஊரே சேர்ந்து முள்ளை வெட்டி மேட்டைச் சரித்தோம். நானும்தான் மண்வெட்டி பிடித்தேன், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கெங்கம்மாள் என்னோடு எப்போதும் போலப் பேசினாள், கேலி செய்தாள். மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த வருஷம் மழை சொற்பம்தான். அந்தச் சொற்பம் ஏரிக்கு வந்தது, ஊர்க் கிணற்றில் வாளி நனைந்தது.

வேலை முடிந்தது என்று பெங்களூருக்கு எழுதி, கைநாட்டுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் விரலை நீட்டவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"டீச்சரு, எனுக்கு எழுத்தெல்லாம் வேணாம். தேதி படிக்க மட்டும் கத்துக்குடு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்தித் தீர்த்திருப்பேன்.

கற்றுக்கொடுத்தேன். மூன்றே நாளில் எண்ணும் மாசமும் படித்துவிட்டாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான். இன்று வரைக்கும் நான் எந்தக் கடிதம் கொண்டு போனாலும், கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, முதலில் விரலால் தேதியைத் தேடுவாள். "பன்னெண்டு, மார்ச்சு" என்று வாய்விட்டுப் படிப்பாள். என் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். அப்புறம்தான் கட்டை விரலை மையில் வைப்பாள்.